சுவர் இருந்தால்தான் சித்திரம்: துபாய் ஓட்டலில் ஒரு பியானோக்காரர்

(பாளையங்கோட்டையில் ஓர் இசைப்பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சின்ன வயதில் என் விரலைப் பிடித்து ஆர்மோனியத்தில் வைத்துவிட்ட ஆலயப் பாடகர் குழுப் பெரியவர்களே, இசைப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அருமையாக வாசித்து முடித்துவிட்டு இப்போது சமோசாவுக்காகக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்திரை மாத வெயிலில் பொன்னாடை தாங்குவதும் ஒரு பயிற்சிதான். என்னைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவர்களுடைய பெரிய மனது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் வேறொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களைச் சும்மா அனுப்பப் போவதில்லை. பேச்சின் முடிவில் அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டு ஓட்டலில் பியானோ வாசித்து, பாடமும் சொல்லிக் கொடுக்கிறவரின் அன்றாட வாழ்க்கை. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, ஓட்டலில் வாசிப்பது. இரண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது. மூன்று, விமானம் ஏறுவதற்கு முன் நாம் கையெழுத்துப் போடும் காகிதங்கள்.

முதலில் ஒன்று. நாடு விட்டு நாடு போய் ஓட்டலில் வாசித்துப் பிழைப்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. டெடி வெதர்போர்டு என்று ஒரு அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர். 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தார், அப்புறம் கல்கத்தா கிராண்ட் ஓட்டலில் வாசித்தார், 1945இல் அங்கேயே காலரா வந்து இறந்து போனார். சிகாகோவில் பெயர் எடுத்தவர் நம் ஊருக்குப் பிழைக்க வந்தார். இன்று நம் பிள்ளைகள் துபாய்க்கும் தோகாவுக்கும் மஸ்கட்டுக்கும் போகிறார்கள்.

என் வீட்டில் பாட்டி அடிக்கடி சொல்வது: சுவரை வைத்துத்தான் சித்திரம். பாட்டி அதைச் சாப்பாட்டுக்குச் சொன்னார். நான் அதைப் பியானோவுக்குச் சொல்கிறேன். எப்படி என்று வருகிறேன்.

துபாயில் என் ஓட்டல் வேலை இரவு ஏழரைக்குத் தொடங்கும். முக்கால் மணி நேரம் வாசிப்பு, கால் மணி ஓய்வு, மறுபடியும் முக்கால் மணி. பதினொன்றரை வரை இப்படியே. வாரத்தில் ஆறு இரவு. கறுப்புக் கோட்டு, பளபளக்கும் ஷூ. ஓய்வு நேரத்தில் விருந்தினர் சோபாவில் உட்காரக் கூடாது. பின்வாசல் வழியாகப் பணியாளர் கேன்டீனுக்குப் போய், பிளாஸ்டிக் தட்டில் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பளிங்குத் தரையில் மறுபடி ராஜா மாதிரி நடந்து வர வேண்டும்.

அங்கே வாசிப்பில் ஒரு தனி வித்தை உண்டு. கச்சேரியில் ஜனங்கள் நம்மைக் கேட்க வருகிறார்கள். லாபியில் அவர்கள் பேச வருகிறார்கள். அவர்கள் பேச்சுக்குக் கீழே நம் வாசிப்பு ஓட வேண்டும். கை தட்டினால் சந்தோஷம். தட்டாவிட்டால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

விருப்பப் பாட்டு கேட்பார்கள். அரபு விருந்தினர் ஒருவர் தமக்குப் பிடித்த பழைய பாட்டைக் கேட்டால், உடனே தலையாட்டிவிட முடியாது. அரபு இசையில் மகாம் என்று இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ராகம் மாதிரி. பயாத்தி, ராஸ்த் போன்ற மகாம்களில் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்கள் வரும். பியானோவில் அந்தச் சுரமே கிடையாது. நம் தோடி ராகத்தின் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் நெளிவை, பியானோவில் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். அதனால் நஹாவந்த், அஜம் என்ற மகாம்களில் அமைந்த பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வோம். அவை மேற்கத்திய இசையின் மைனர், மேஜர் என்ற சுர வரிசைகளுக்குப் பக்கத்தில் வருகின்றன. ரமலான் மாதத்தில் நேரடி இசையை நிறுத்திவைப்பது அங்கே பல காலமாக இருந்த வழக்கம். சமீப காலமாகத் துபாயில் அது தளர்ந்திருக்கிறது. நான் போன புதிதில் அந்த மாதம் பியானோ மூடியே கிடக்கும். சம்பளம் வருமா வராதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதை மூன்றாவது விஷயத்தில் சொல்கிறேன்.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பியானோதான் சுவர், வாசிப்புதான் சித்திரம். ஒரு பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 18 முதல் 20 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் ஸ்ப்ரூஸ் மரப் பலகை. அந்தப் பலகைதான் நாதத்தைப் பெருக்குகிறது. ஈரம் பட்டால் பலகை உப்பும், சுருதி ஏறும். உலர்ந்தால் சுருங்கும், சுருதி இறங்கும். துபாயில் ஆகஸ்ட் மாதம் வெளியே கடல் ஈரம், உள்ளே இடைவிடாத ஏசி. வாசல் கதவு நொடிக்கொரு முறை திறக்கும். பக்கத்திலேயே அழகுக்கு ஒரு நீரூற்று வேறு. பாவம், அந்த மரம் என்ன செய்யும்?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. லாபி நிறைந்திருக்கிறது. ஒரு குட்டிப் பையன் கையில் மாம்பழச் சாற்றுடன் என் பக்கத்தில் வந்து நின்றான். எனக்கு வாசிப்பும் நிற்கக் கூடாது, அவன் டம்ளரையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் அம்மா தூரத்திலிருந்து போட்டோ எடுக்கிறார். "பக்கத்தில் போ, இன்னும் பக்கத்தில் போ" என்று கை காட்டுகிறார். போனான். சாறு முழுவதும் கட்டைகளுக்கு நடுவே இறங்கியது. அப்பா ஓடிவந்து, காகிதக் கைக்குட்டையால் மேலே துடைத்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நடு சி கட்டை, அதாவது பியானோவின் நடுவில் சி என்ற சுரம் தரும் கட்டை, அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

மேலாளரிடம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டு என்னைக் கேட்டார்: "மொத்தம் எத்தனை?" எண்பத்தெட்டு என்றேன். "எண்பத்தேழு நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார்.

நான் சொன்னேன், "சார், உங்கள் சமையல்காரரிடம் எல்லாச் சாமானும் கொடுத்து, உப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?"

அவர் சிரித்துவிட்டு, பூ ஜாடியைப் பியானோ மேல் இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

சரி, சி இல்லாமல் சமாளிப்போம் என்று நினைத்தபோதே ஒரு மேசையில் கேக் வந்தது. பிறந்தநாள் பாட்டு! சி மேஜரில் வாசிக்க முடியாது. எஃப் மேஜருக்குப் போனால் தொடக்கமே சி. என்ன செய்வது? எஃப் ஷார்ப் மேஜருக்குப் போனேன். ஆறு ஷார்ப், அதாவது அரைச்சுரம் ஏற்றி வாசிக்கும் சுரங்கள் ஆறு. பெரும்பாலும் கறுப்புக் கட்டை. அதில் அந்தப் பாழாய்ப்போன சி கிடையாது. நான் பெருமையாகத் தொடங்கினால், அந்தக் கூட்டம் தங்களுக்குத் தோன்றிய சுருதியில் பாட்டைத் தூக்கிவிட்டது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே, ஒருவர் எங்கேயோ. நான் அவர்கள் பின்னால் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். கடைசி வரியில் எல்லோரும் கைதட்டினார்கள், கேக்குக்கு.

அந்த மேசையில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். எழுந்து நேராக என்னிடம் வந்து, "பிறந்தநாள் பாட்டுக்கு எதற்கப்பா எஃப் ஷார்ப்?" என்றார். பியானோ ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் ஒன்றும் பேசாமல் சி கட்டையை அமுக்கிக் காட்டினேன். அது அப்படியே படுத்துக்கொண்டது. அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மேலாளரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் நன்றாகக் கொடுத்தார். நான் சொன்னபோது பூ ஜாடி நகர்ந்தது. விருந்தினர் சொன்னதும் மறுநாள் காலையில் ட்யூனர், அதாவது பியானோவைப் பழுது பார்த்துச் சுருதி சேர்ப்பவர், வந்துவிட்டார்.

அவர் பிலிப்பைன்ஸ்காரர், வயது அறுபதுக்கு மேல். இரண்டு திருகாணியைக் கழற்றினார், மூடியை எடுத்தார், கட்டை வரிசையைச் சுத்தியல்களோடு முழுவதுமாக வெளியே இழுத்தார். அடியில் என்னென்ன கிடந்தன தெரியுமா? திர்ஹம் காசுகள், கொண்டை ஊசி, சர்க்கரைப் பொட்டலம், பென்சில், பேரீச்சங்கொட்டை, யாரோ தொலைத்த அறைச்சாவி அட்டை. எங்கள் பெல்பாய் பரமக்குடித் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ளே ஒரு பெட்டிக்கடையே வச்சிருக்கீங்களே" என்றான். பெரியவர் பிசினைத் துடைத்து, கட்டையின் துளையைச் சரிசெய்து, சுருதி பார்க்கும் 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்து, ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தார். மேல் சுரங்களில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றும் ஒன்றாக ஒலிக்கிற வரை விடவில்லை. கிளம்பும்போது ரசீது நீட்டினார். என் மூன்று இரவுச் சம்பளம். நான் பொறாமைப்படவில்லை. இனிமேல் ஊருக்குப் போய்விடப் போகிறேன் என்றும், உங்கள் நாட்டில் பையன்கள் இருந்தால் அனுப்பு, வேலை குவிந்து கிடக்கிறது என்றும் சொன்னார்.

நான் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் அந்த வார்த்தைதான்.

பாடம் எடுப்பதைப் பற்றி இரண்டாவதாகச் சொல்கிறேன் என்றேன். மதியம் மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவார்கள். கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, மெட்ரோவில் கராமா, பர் துபாய் என்று வீடு வீடாகப் போவேன். ஓட்டலில் எழுதி வாங்கிய அனுமதிக் கடிதம் பையிலேயே இருக்கும். அது இல்லாமல் பாடம் எடுக்கப் போகாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் சாப்பாட்டு மேசை மேல் 61 கட்டைக் கீபோர்டுதான். பெற்றோருக்கு வேண்டியது கிரேடு. ஏபிஆர்எஸ்எம் அல்லது டிரினிட்டி என்ற பிரிட்டிஷ் அமைப்புகள் படிப்படியாக நடத்தும் இசைத் தேர்வு, சான்றிதழ், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். தப்பில்லை. ஆனால் ஐந்தாம் கிரேடுக்கு நன்றாகத் தயாராகி வரும் பிள்ளை ஒரு நாள், "சார், அப்பா வேலை போயிடுச்சு, அடுத்த வாரம் கொச்சிக்குப் போறோம்" என்று சொல்லும். விசா முடிந்தால் குடும்பமே கிளம்பிவிடும். பாதிப் பாட்டோடு நிற்கும் பிள்ளைகள் அந்த ஊரில் ஏராளம். ஜூலை, ஆகஸ்டில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆசிரியருக்கு அந்த இரண்டு மாதமும் பட்டினி மாதம்தான்.

அந்தப் பிள்ளைகளில் சிலரது வீட்டில் நிஜப் பியானோ இருக்கும். ட்யூன் செய்து வருடக்கணக்காகியிருக்கும். பிள்ளை சரியான கட்டையைத்தான் தொடுகிறது, தப்பான சுருதிதான் காதில் விழுகிறது. காது அதற்கே பழகிவிடுகிறது. சுவர் சரியில்லாமல் எந்தச் சித்திரத்தை எழுத? கிரேடு, சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

நம் ஊருக்கு வாருங்கள். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரத்தில் ஆலயங்களிலும் பழைய பள்ளிகளிலும் பியானோக்கள் இருக்கின்றன. ட்யூன் பண்ண ஆள் வேண்டுமென்றால் சென்னைக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. அவர் ரயில் செலவைக் கேட்டதும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று துணி போட்டு மூடிவிடுகிறோம். முதல்வர் அம்மா அவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த மேடையில் இருக்கும் பியானோவைச் சற்று முன் தொட்டுப் பார்த்தேன். அதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்லப் போவதில்லை.

நம்மிடம் கை இல்லையா? தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள், அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. ஆர்மோனியத்தின் ரீடைச் சுரண்டிச் சுருதி சேர்க்கிறவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மரமும் தெரியும், சுருதியும் தெரியும். சொல்லித் தரத்தான் இடம் இல்லை. ஜப்பானில் 2011 முதல் பியானோ ட்யூனர்களுக்குத் தேசிய அளவில் திறன் தேர்வே நடக்கிறது. தச்சருக்கும் குழாய் பொருத்துநருக்கும் இருப்பது போன்ற முறையான தேர்வு. நமக்கு சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கு ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஒரு வருடப் பட்டயப் படிப்பு தொடங்கினால் போதும். பத்துப் பேர் படித்தால் பத்துப் பேருக்கும் வேலை. இங்கேயும் வேலை, வளைகுடாவிலும் வேலை. வாசிக்கப் போகிறவனுக்கு வயது ஏறினால் இளைஞனைத் தேடுவார்கள். ட்யூனருக்கு வயது ஏற ஏறத்தான் மரியாதை. அந்தப் பிலிப்பைன்ஸ் பெரியவர் பின்வாசல் வழியாக வரவில்லை ஐயா, முன்வாசல் வழியாக வந்தார்.

மூன்றாவது விஷயம், காகிதங்கள். மணியைப் பார்த்துத் தலைவர் அவர்கள் சாடை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே தவறு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை வெளியே வந்து தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

இனி மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் இருக்கும் வேலை. ட்யூனர் படிப்பு கேட்டு கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருந்தால் எங்களுக்குப் பெருமை. இரண்டாவது முதல்வர் அம்மா. பெற்றோர்களுக்கு வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறது, சமோசாத் தட்டுக்குப் பக்கத்திலேயே. எண்ணெய்க் கையோடு தொட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.