ஸ்கூல் போர்டு தேர்தலில் நான், போர்டில் அப்பா!

வணக்கம் மக்களே. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தே பேசுகிறேன், வெளிச்சம் சுமார்தான். வீட்டுக்குப் போகும்வரை வாய் பொறுக்கவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டேன்! நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனின் ஸ்கூல் போர்டு, அதாவது ஊர்ப் பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கும் குழு, அதன் தேர்தலில் நிற்கிறேன்.

ஸ்கூல் பஸ் விஷயமாக போர்டு மீட்டிங்கில் போய்ப் பேசிய வீடியோ ஞாபகம் இருக்கும். நான் யார், எங்கே இருக்கிறேன், எத்தனை குழந்தைகள் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் நேரம் தீர்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். அதன் கீழே ஒருவர், "அவ்வளவு பேசணும்னா நீங்களே போய் உட்காருங்க அக்கா" என்று எழுதியிருந்தார். கிண்டலோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே போர்டில் 9 பேர், ஒவ்வொரு நவம்பரிலும் 3 இடத்துக்குத் தேர்தல், பதவி 3 வருடம். கட்சி கிடையாது. சம்பளமும் கிடையாது. "சம்பளம் இல்லாத வேலைக்கு ஊரே சேர்ந்து இன்டர்வியூ பண்ணுமா?" என்று கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். ஆனால் நியூ ஜெர்சியில் சொத்து வரி கட்டுகிறவர்களுக்குத் தெரியும், அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. அந்தப் பணத்துக்கு பட்ஜெட் போடும் மேஜையில் ஒரு நாற்காலி வேண்டும் என்பதில் என்ன தப்பு?

சரி, கையெழுத்துக் கதைக்கு வருகிறேன். மனுவில் 10 பேர் கையெழுத்துப் போட வேண்டும். பத்துதானே, நம் பாட்லக்கில், அதான் ஆளுக்கொரு சமையல் கொண்டு வரும் விருந்தில், சாம்பார் சாதம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பேனாவோடு போனேன். முப்பது பேர் இருந்தார்கள். அப்புறம்தான் உறைத்தது, கையெழுத்துப் போடுகிறவர் நம் டவுனில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். பாதிப் பேர் எச்1பி விசா, மீதியில் பாதி கிரீன் கார்டு; சிட்டிசன் ஆகாமல் ஓட்டு கிடையாது. என் சிட்டிசன்ஷிப் வீடியோவில் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடினேனே, அன்று இந்த உபயோகமெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஏழு தேறியது. அதில் ஒரு அக்கா, என் சேனலை முதல் நாளிலிருந்து பார்க்கிறவர், ஆசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு விலாசத்தில் "மெட்டச்சன்" என்று எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெட்டச்சன் எங்கே இருக்கிறது தெரியுமா? எடிசனுக்கு நட்ட நடுவில். நாலு பக்கமும் எடிசன். எடிசன் உளுந்துவடை என்றால் மெட்டச்சன் அதன் ஓட்டை. ஆனால் ஓட்டை தனி டவுன், அதற்குத் தனி ஸ்கூல் போர்டு! அக்கா கையெழுத்து செல்லாது. மறுநாள் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடை வாசலில் வெயிலில் நின்று, கறிவேப்பிலைக் கட்டோடு வெளியே வந்தவர்களை எல்லாம் மடக்கி மொத்தம் பதினெட்டு வாங்கினேன். பத்துக் கேட்டால் பத்து மட்டும் கொண்டு போகாதீர்கள், இரண்டு அடிபட்டால் கதை முடிந்தது. ஜூலை கடைசித் திங்கள் மாலை 4 மணிதான் கெடு, 4.01-க்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், வாக்குச்சீட்டில் பெயரோடு சின்னதாக ஒரு கோஷம் போடலாம், மூன்று வார்த்தைக்குள். மூன்று! என் சேனல் இன்ட்ரோவே எத்தனை நிமிடம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் யோசித்தேன். என்ன எழுதினேன் என்பது அடுத்த வீடியோவில்.

இப்போது என் வயிற்றெரிச்சல். வேட்பாளர் பெயரைப் போட்டு வீட்டு முன்னால் புல்வெளியில் நடுகிற பலகை இருக்கிறதே, அதை அவசரப்பட்டு முன்பே ஆர்டர் செய்துவிட்டேன். ஆன்லைனில் ஒரு கடை, 50 பலகை 189 டாலர். பரவாயில்லையே என்று பணம் கட்டினால், பெட்டியில் வெறும் அட்டை. தரையில் குத்துகிற கம்பி தனியாம், அதற்கு 70 டாலராம்! குடையை விற்றுவிட்டுக் கம்பிக்குத் தனிக் காசு கேட்பார்களா? கம்பி இல்லாத பலகையை நான் என்ன, தலையில் வைத்துக்கொண்டா நடப்பேன்? 259 டாலர். வாடகைக்கு ஒரு மனிதரையே நிற்க வைத்திருக்கலாம்.

அதோடு விட்டதா? இங்கே வழக்கம், லாஸ்ட் நேம்தான் பெரிதாக இருக்கும். நமக்கு லாஸ்ட் நேம் எது? அப்பா பெயர்! டிசைனைச் சரியாகப் பார்க்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். மேலே எறும்பு சைஸில் நான். கீழே நீலத்தில், அரை அடி உயரத்தில், "ஆறுமுகம்".

போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவுக்கே ஃபார்வர்டு ஆகிவிட்டது. மனிதர் 1996 பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டுக்கு நின்று 11 ஓட்டில் தோற்றவர். பூட்டு சாவிச் சின்னம். அந்தக் கதையை இன்னும் விடவில்லை. போன் வந்தது.

"ஏம்மா, என்ன சின்னம் குடுத்தாங்க?"

"சின்னமெல்லாம் இங்க கிடையாதுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சின்னம் இல்லாம எதைப் பாத்தும்மா குத்துவாங்க?"

"உங்க பேரைப் பாத்துத்தான்ப்பா."

பலகையை மாற்றி அடிக்கவில்லை மக்களே. கம்பி வியாழக்கிழமை வருகிறது. எடிசனில் இருக்கிறவர்கள், வீட்டு முன்னால் புல்வெளி இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். மெட்டச்சன்காரர்கள் தயவுசெய்து வேண்டாம்.