மடல் ஏறாமல் மடல் எழுதுவது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், இறுதியாண்டு மாணவன் ஒருவன் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, பிழை திருத்தித் தரும்படி கூச்சத்தோடு கேட்டான். உடன் படித்த பெண்ணுக்குத் தன் விருப்பத்தைச் சொல்ல அவன் எழுதியது அது. நிலவும் மின்னலும் ஏழு பிறவியும் அதில் இருந்தன. அந்தப் பெண் மட்டும் இல்லை. அவன் அடித்துவிட்டிருந்த ஒரு வரியில்தான் அவள் இருந்தாள்: நூலகத்தில் மின்சாரம் நின்றுபோன ஒரு பிற்பகலில், எல்லோரும் எழுந்து போன பிறகும், அவள் நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு படித்ததை அவன் பார்த்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடச் சொன்னேன். ஒற்றுப்பிழை பார்க்கத் தந்தவனுக்கு மூன்றரைப் பக்கம் பறிபோனதில் வருத்தம்தான்.

'காதலிக்கிறேன்' என்ற சொல், படிப்பவரிடம் அந்த இடத்திலேயே ஒரு பதிலைக் கேட்டு நிற்கிறது. 'உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது' என்னும்போது, 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமை, அந்த விருப்பத்தை எழுதியவரின் பக்கத்திலேயே இருத்திவிடுகிறது. முதல் கடிதத்துக்கு அது போதும். அதுவரை 'நீங்கள்' என்று பேசிவந்தவர் தாளில் மட்டும் 'நீ' என்று இறங்குவது, இன்னும் கிடைக்காத உரிமையைத் தாமே எடுத்துக்கொள்வதாகும்.

சங்கப் பாடல்களில், காதல் கைகூடாத தலைவன் எருக்கமாலை சூடி, பனைமடலால் செய்த குதிரையில் ஊர்த்தெருவில் வரப்போவதாகச் சொல்வான். ஊரார் முன்னிலையில் தன்னை வருத்திக்கொண்டு பெண்ணைப் பெற முயலும் அந்த வழக்கத்துக்கு மடல் ஏறுதல் என்று பெயர். பாடலாகச் சுவைத்துக் கற்பித்திருக்கிறேன். ஆனால் இன்று கடிதத்துக்கும் மடல் என்று பெயர் வழங்கும்போது, அந்தப் பழைய மடலின் நிழல் இந்த மடலில் விழக்கூடாது என்றே நினைக்கிறேன். 'பதில் வராவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன்' என்று எழுதுகிறவர் எருக்கமாலையைத்தான் எடுத்துச் சூடுகிறார். 'விருப்பமில்லை என்றால் பதில் எழுதக்கூட வேண்டாம், நான் மறுபடி கேட்கமாட்டேன்' என்ற வரியை எழுதி, அதன்படி நடக்கவும் வேண்டும். விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பெண்ணை ஓர் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, இந்தியாவில் 2013 முதல் தண்டனைக்குரிய குற்றம். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு.

கடிதத்தைத் தோழியிடமோ நண்பனிடமோ கொடுத்தனுப்பினால், உரியவர் படிக்கும் முன்பே அது வகுப்பின் செய்தியாகிவிடும். தனியே, ஆனால் அவர் உடனே விலகிப் போக வழியுள்ள இடத்தில், நேரில் கொடுப்பதே நல்லது. நோட்டுக்குள் ஒளித்து அனுப்புவதோ எல்லாவற்றிலும் ஆபத்தானது. கட்டுரை நோட்டுகளைத் திருத்துகையில் அப்படி இரண்டு கடிதங்கள் என் மேசையில் விழுந்திருக்கின்றன. இரண்டையும் பிரிக்காமல், இருந்த பக்கத்திலேயே வைத்து, மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வணக்கம்.