42 வயதில் ஒரு புதுமுகம்

நண்பர்களே,

1948 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் பேஸ்பால் அணி ஒரு பந்துவீச்சாளரை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு அவர் புதுமுகம். அன்று அவருக்கு 42 வயது நிறைந்தது. பெயர் சாட்செல் பெய்ஜ்.

அதுவரை எங்கே இருந்தார்? ஆடிக்கொண்டேதான் இருந்தார். அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியதால் வந்த பெயர்தான் சாட்செல், அதாவது பை. 12 வயதில் சில்லறைத் திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். பந்துவீச்சை அங்கேதான் ஒழுங்காகக் கற்றார். பெய்ஜ் கறுப்பர். அதனால் 1926 முதல் நீக்ரோ லீக் என்ற, கறுப்பர்களுக்கான தனிப் போட்டிகளின் அணிகளில் ஆடினார். கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று மேஜர் லீகில் எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எழுதாத விதியை எந்தக் கோர்ட்டில் போய் எதிர்ப்பது, சொல்லுங்கள்!

1934இல் டிஸ்ஸி டீன் என்ற வெள்ளைக்கார நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஒரே சீசனில் 30 ஆட்டங்களை வென்றார். சீசன் முடிந்ததும் அவரும் பெய்ஜும் ஊர் ஊராகப் போய் எதிரெதிர் அணிகளில் ஆடினார்கள். டிக்கெட் விற்க ஒரே மைதானம் சரி. அடுத்த சீசன் தொடங்கினால் அவரவர் லீக் வேறு. கறுப்பு வீரர்களுக்குப் பல ஊர்களில் ஓட்டல் அறைகூடக் கிடைக்காது, பஸ்ஸிலேயே தூங்குவார்கள்.

1945இல் கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் பெய்ஜுடன் ஆடிய இளைஞர் ஜாக்கி ராபின்சன். கறுப்பர்களுக்கு மூடியிருந்த மேஜர் லீகின் கதவு முதலில் திறந்தது அவருக்குத்தான். பெய்ஜுக்கு அது வலித்தது. ஜாஷ் கிப்சனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நீக்ரோ லீகின் மாபெரும் மட்டையாளரான அவர், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார்.

பெய்ஜை எடுத்தது வெறும் விளம்பரம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவரோ அந்த அரை சீசனில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அணி மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையே வென்றது.

1965இல், 59 வயதில், கேன்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அவரை ஒருநாள் கூத்துக்குக் கூப்பிட்டது. மைதான ஓரத்தில் சாய்ந்தாடும் நாற்காலி, பக்கத்தில் ஒரு நர்ஸ். கூட்டம் சிரித்தது. கிழவர் எழுந்துபோய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். பாஸ்டன் அணிக்கு ஒரே ஒரு ஹிட், ஓட்டம் பூஜ்யம். என்னால் அந்த நாற்காலியை ரசிக்க முடியவில்லை.

1971இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்க்கூடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றுதான் அறிவித்தார்கள். இங்கேயும் தனி வரிசையா என்று கண்டனம் கிளம்பிய பிறகே மற்றவர்களோடு சேர்த்தார்கள்.