அரையடிக்கு ஆறடி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் அரசுக் கட்டடங்கள் கட்டிக் கொடுத்த பொறியாளர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. போன வருடம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அது முடிந்த இரண்டாம் மாதம், ஓய்வூதியர் நேர்காணலுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நான்கு படி, பக்கத்தில் ஒரு சாய்தளம். கைத்தடியை ஊன்றிச் சாய்தளத்தில் ஏறினேன். நாலு எட்டு வைத்ததும் உடம்பு பின்னால் இழுத்தது. பிடித்துக்கொள்ளக் கையைத் துழாவினால் ஒன்றுமில்லை. காவலாளி ஓடிவந்து தோளைப் பிடித்தார். "பாத்து சார், இதுல யாரும் ஏற மாட்டாங்க" என்றார்.

அந்தச் சாய்தளத்தைக் கட்டியதே நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

இதில் பெரிய பொறியியல் எதுவும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். ஓர் அடி உயரம் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். படி ஒன்று அரையடி உயரம் என்று வைத்துக்கொண்டால், படிக்கு ஆறடி. நான்கு படிக்கு 24 அடி. எனக்குக் கிடைத்த இடம் எட்டடி. அதைத் தாண்டினால் ஒரு வேப்பமரம், அதற்கப்பால் ஜீப் நிற்கும் இடம். திறப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. "எட்டடியில் முடித்துவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் சொன்னேன். நிறைவு அறிக்கையில் 'சாய்தளம்: உண்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய் இல்லையே, சாய்தளம் இருந்ததே!

அந்த எட்டடி என்ன செய்யும் என்று சொல்கிறேன். ஆளும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 அடிச் சரிவில் அதைத் தள்ளிக்கொண்டு போக ஆறு கிலோ அளவுக்குத் தம் பிடித்தால் போதும். எட்டடிச் சரிவில் பதினெட்டு கிலோ. நாற்காலியில் இருப்பவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறுவது நடக்காத காரியம். இறங்குவது அதைவிட மோசம், நாற்காலி கையை மீறிப் பாய்ந்துவிடும்.

கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் சரிவு என்றால் அவர் மனதில் வருவது வீட்டு வாசலில் பைக் ஏற்றும் சரிவுதான். இன்ஜின் இருக்கும் வண்டிக்குப் போட்ட அளவை, கையால் உருட்டும் வண்டிக்கும் போட்டுவிடுகிறார். மேலே பளபளவென்று கிரானைட் ஒட்டிவிட்டால் மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

சரி, எதற்கு அத்தனை படி? வெள்ளம் வந்தால் உள்ளே வரக்கூடாது என்று அடித்தளத்தை உயர்த்துகிறோம். அது நியாயம். ஆனால் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் ஏறுகிறது. அடுத்து கட்டுகிறவர் அதைவிட ஒரு படி கூடுதலாக வைக்கிறார். தெருவும் வாசலும் போட்டி போட்டு வளர்வதில், நடக்க முடியாதவர் வெளியே நிற்கிறார். சாய்தளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாலையைச் சுரண்டுவதைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் கட்சி.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நான் பணியில் இருந்தபோது நடைமுறையில் இருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம். பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று அதிலேயே இருந்தது. ஆனால் கூடவே, 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே நாங்கள் எத்தனையோ கோப்புகளைக் கரையேற்றினோம். அலுவலகத் தமிழில் அதற்கு 'இயன்றவரை' என்று பெயர். கோப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால், வேலை நடக்காது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. விதிமுறைப்படி இல்லாத கட்டடத்துக்கு அனுமதியும் கிடையாது, நிறைவுச் சான்றிதழும் கிடையாது என்றது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருடக் கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, ஆக 2022 ஜூனோடு கெடு முடிந்தது. உங்கள் ஊர் அலுவலகங்களை ஒரு சுற்று சுற்றி வந்தால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்த 'இயன்றவரை'யை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துப்போனவர் ராஜீவ் ரத்தூரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி. 2005இல் வழக்குப் போட்டார். 2017இல் ஒரு தீர்ப்பு, 2024 நவம்பர் 8இல் இன்னொன்று. இரண்டாவதில் நீதிமன்றம் கைவைத்தது விதிகளிலேயே. சட்டம் கட்டாயம் என்கிறது, விதிகளோ வெறும் பரிந்துரைகளைக் கைகாட்டுகின்றன, அது செல்லாது என்றது. விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தரங்களைத் தனியாகப் பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதியாக்கச் சொன்னது. வழக்குப் போட்டதிலிருந்து பத்தொன்பது வருடம்!

அப்புறம், சாய்தளம் மட்டுமே பேச்சில்லை. கழிப்பறைக் கதவு மூன்றடி அகலம் வேண்டும். நாம் வழக்கமாக வைப்பது இரண்டரை அடி. சக்கர நாற்காலி எப்படியோ நுழையும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை நுழையாது. கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே போனவர் அதைச் சாத்த முடியாது. பாதி இடங்களில் அது துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகவே இருக்கிறது, சாவி யாரிடமோ.

நடைபாதையில் மஞ்சள் ஓடு பார்த்திருப்பீர்கள், பார்வையில்லாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் தடவி வழி அறிவதற்கானது. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கியது, 1967இல் ஒகயாமா நகரில்தான் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் இப்படிப் போகலாம், புள்ளி என்றால் நில். மஞ்சள் நிறம், கொஞ்சமாகப் பார்வை இருப்பவர்களுக்காக. இங்கே பலர் அதை அலங்காரம் என்று நினைத்து, கோட்டை நேரே மின்பெட்டியில் கொண்டுபோய் முட்டவிடுகிறார்கள். தரைக்குப் பொருந்தவில்லை என்று சாம்பல் நிறத்தில் பதித்த இடமும் உண்டு.

நல்லதும் நடக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணல்மேல் மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். வாழ்நாளெல்லாம் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்தவர்கள், அலைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மாநகரப் பேருந்துகளிலும் தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டிலிருந்து மறுபடி ஓடுகின்றன. நீதிமன்றப் போராட்டம் இல்லாமல் அதுவும் வரவில்லை. ஆனால் ஓட்டுநர் வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்த வேண்டும். நடுச்சாலையில் நிறுத்தினால் தாழ்தளமும் உயரம்தான்.

என் சாய்தளத்துக்கு வருகிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் வரைபடத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். நேராகத்தானே இடமில்லை? சுவரை ஒட்டிப் பன்னிரண்டு அடி போய், ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, மறுபடி பன்னிரண்டு அடி ஏறினால் முடிந்தது. வேப்பமரத்தைத் தொடவே வேண்டாம். அரைமணி நேரத்தில் வரைந்துவிட்டேன். அந்த அரைமணி நேரம் அன்றைக்கும் எனக்கு இருந்தது.

கைப்பிடி இரண்டு உயரத்தில் வேண்டும் என்றும் குறித்திருந்தேன். நிற்பவருக்கு 90 சென்டிமீட்டரில் ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கும் குழந்தைகளுக்கும் 76இல் ஒன்று. கடிதத்தோடு சேர்த்து அனுப்பினேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். சரிவு பழைய எட்டடிதான். ஆனால் கைப்பிடி வந்திருக்கிறது, ஒன்றே ஒன்று, மேலே இருக்க வேண்டியது. இரண்டாவதற்கு நேற்று இன்னொரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்திருக்கிறேன்.

வணக்கம்.