வாங்குகிற பசுவோடு வருகிற கிருமி

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவப் பேராசிரியர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஒரு மாதமாக ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, பால் கறந்து முடித்த கையோடு இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் ஐயா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கும் நாளில், மேடை வேண்டாம், கீழே உட்கார்ந்து கேட்கிறேன் என்று வந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மாட்டையும் ஆட்டையும் இளைக்க வைத்துக் கொல்லும் குடல் நோயான ஜோன்ஸ் நோயின் கிருமியை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அது எப்படிப் பரவுகிறது, தடுப்பூசி எந்த அளவில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பழமொழி: ஆழம் தெரியாமல் காலை விடாதே. என் கூட்டங்களுக்கு முன்பே வந்தவர்களுக்கு இது பழகின வாசகம். இன்றைக்கும் இதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன்.

1894-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பகுதி. ஒரு விவசாயி ஒரு பசுவை வாங்குகிறார். கவனியுங்கள், அவர் வளர்த்த பசு இல்லை, வாங்கிய பசு. கொட்டகைக்கு வந்த பசு பால் தரவில்லை. உடம்பும் தேறவில்லை. சரி, தீனி எடுக்கவில்லையோ என்று பார்த்தால், நன்றாகவே தின்கிறது! தின்கிற மாடு எதற்காக இளைக்க வேண்டும்? இங்கே இருக்கிற எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றிருப்பீர்கள்! அவரும் அப்படித்தான் நின்றார். மருத்துவர் வந்தார். குடலில் காசநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். காசநோய் இருக்கிறதா என்று காட்டும் டியூபர்குலின் ஊசி, ராபர்ட் காக் கொடுத்தது, அப்போது புதிது. போட்டுப் பார்த்தார். காசநோய் இல்லை என்றது ஊசி. பசு இளைத்துக்கொண்டே போய்ச் செத்துப்போனது.

வேறு ஒருவராக இருந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அந்த மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. வயிற்றைத் திறந்தார். குடல் தடித்துப் போயிருந்தது. அதை எடுத்து டிரெஸ்டன் நகரத்துக்கு அனுப்பினார். அங்கே யோனெ என்ற பேராசிரியரும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஃப்ராத்திங்ஹாமும் குடல் துண்டைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காசநோய்க் கிருமியைப் போலவே சிவப்புச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்ட கிருமிகள், கொத்துக் கொத்தாக! பறவைகளுக்கு வருகிற காசநோய்க் கிருமியாக இருக்கலாம் என்று 1895-இல் எழுதினார்கள். இது தனி நோய் என்று 1906-இல் நிறுவியவர் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பாங். யோனெயின் பெயர்தான் நம் வாயில் ஜோன்ஸ் ஆயிற்று. கிருமியின் முழுப்பெயர் மைக்கோபாக்டீரியம் ஏவியம் பாராடியூபர்குளோசிஸ், சுருக்கமாக மேப்.

அந்த விவசாயி ஆழம் தெரியாமல் காலை விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஆழம் பார்க்கக் கோலே கிடையாது. இன்றைக்கு இருக்கிறதே!

கிருமியை ஆய்வகத்தில் வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மற்ற உயிர்களைப் போல இதற்கும் இரும்புச்சத்து வேண்டும். ஆனால் இரும்பைப் பிடித்து இழுக்கும் மைக்கோபாக்டின் என்ற பொருளை இதனால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இந்த விவரமெல்லாம் தெரியாத காலத்திலேயே, டுவார்ட், இங்க்ரம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதன் உறவுக்காரக் கிருமி ஒன்றைக் கொன்று, அதை ஊட்டமாகக் கலந்து, 1912-க்குள் இதை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். இன்றும் சாணத்திலிருந்து இதை வளர்த்தெடுக்கப் பல வாரங்கள், சில நேரம் மூன்று நான்கு மாதங்கள்கூட ஆகும். 1989-இல் இதன் மரபணுவில் ஐஎஸ்900 என்ற அடையாளத் துண்டைக் கண்டறிந்த பிறகுதான் கிருமியின் மரபணுவையே தேடிப் பார்க்கும் விரைவான பிசிஆர் சோதனைக்கு வழி பிறந்தது.

பரவுவது சாணத்தால். சீம்பாலாலும் பாலாலும்கூட. கன்றுதான் எளிதில் மாட்டிக்கொள்கிறது, அதுவும் முதல் ஆறு மாதங்களில். சாணம் ஒட்டிய காம்பை ஒருமுறை சப்பினாலே போதும். கிருமி சிறுகுடல் சுவருக்குள் புகுந்து, கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் சத்தமே இல்லை. அப்புறம் கழிச்சல். ஒரு கொட்டகையில் நான் பார்த்த பசுவுக்குத் தாடைக்கு அடியில் தண்ணீர்ப் பை போல வீக்கம். விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. அந்த நேரத்திலும் அது வைக்கோலை ஆவலாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. சாணம் தண்ணீராகப் போனது, ரத்தம் இல்லை. செம்மறி ஆட்டிலும் வெள்ளாட்டிலும் பல நேரம் கழிச்சல்கூட இருக்காது. இளைப்பு மட்டும்தான்.

இளைத்த பசு ஒன்று கண்ணில் பட்டால், அதே மந்தையில் கிருமி ஏறியவை 15 முதல் 25 வரை இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: மாடு விற்பவர் தம் மந்தையின் சோதனை விவரத்தைக் காட்ட வேண்டும். விற்கிற ஒரு மாட்டின் சீட்டு மட்டும் போதாது. நோயின் தொடக்கத்தில், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் இருக்காது, சாணத்தில் கிருமி வராது, சோதனை 'இல்லை' என்றே சொல்லும். அந்தச் சீட்டை நம்பி வாங்குகிறவர் அந்த ஓல்டன்பர்க் விவசாயியின் இடத்துக்குத்தான் வந்து சேர்வார். மந்தை முழுவதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால்தான் உண்மை தெரியும். டென்மார்க்கில் 2006 முதல் பண்ணையாளர்கள் விரும்பி முன்வந்து, பால் மாதிரியிலேயே எதிர்ப்புப்பொருளைப் பார்த்து மந்தைகளைக் கண்காணித்தார்கள். முடியாத காரியம் இல்லை.

தடுப்பூசி பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பிரான்சில் 1926-லேயே தடுப்பூசி வந்துவிட்டது. நோய் முற்றுவதைக் குறைக்கும், தொற்றை முழுதாகத் தடுக்காது, காசநோய்ச் சோதனையையும் குழப்பும். மீதியைப் பேராசிரியர் ஐயா கேள்வி நேரத்தில் சொல்வார்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. மாடு விற்கும்போது மந்தைச் சோதனை விவரம் கட்டாயம் என்று கேட்கும் மனு. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா அங்கேயே கட்டி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.