நித்தியகல்யாணியும் ஊராட்சிப் பதிவேடும்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மையார் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட வேதியியல் துறைத் தலைவர் அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

செடியிலிருந்து மருந்துப் பொருளைப் பிரிப்பது, அதைப் புற்றுநோய்க்குச் சோதிப்பது, அழற்சிக்குச் சோதிப்பது என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்கள். எங்களுக்கு அதுதான் தொழிலே! வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஒரு கிராம் எடுக்கச் சுமார் அரை டன் காய்ந்த நித்தியகல்யாணி இலை வேண்டும். நமக்கு வேண்டியது அந்தக் கட்டெறும்புதான்.

அது எப்படிக் கிடைத்தது? 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்குத் தபாலில் கொஞ்சம் நித்தியகல்யாணி இலை போனது. சர்க்கரை நோய்க்கு அங்கே அதைத் தேநீராகக் குடிப்பார்கள். பெற்றுக்கொண்ட டாக்டர் கிளார்க் நோபிள், தம்பி ராபர்ட்டிடம் தள்ளிவிட்டார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் அதை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை இறங்கவில்லை. சரி, ஊசியில் ஏற்றுவோம் என்றார். எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்தன! நாமாக இருந்தால் கூண்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் எலியை அறுத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் கிருமித் தொற்று. வெள்ளை அணுக்கள் வற்றிக் கிடந்தன. வெள்ளை அணு கண்டபடி பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பங்குக்கு வெள்ளை அணு குறைகிறது என்று எலியிடமே கேட்டுக் கேட்டு, 1958இல் வின்பிளாஸ்டினைப் பிடித்தார்கள். அதே இலையில் கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதைத்தான் ஏற்றுகிறார்கள்.

இப்போது சோதனை சுலபம். 96 குழித் தட்டில் புற்றுச் செல்லை வளர்த்து, சாற்றை விட்டு, எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊற்றினால், உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா வரவில்லையா, உடனே கட்டுரை எழுதிவிடுகிறோம். பினாயிலை ஊற்றினாலும்தான் ஊதா வராது! நல்ல செல்லைப் பக்கத்துக் குழியில் வைத்தீர்களா? வேலை செய்த பொருளைத் தனியாகப் பிரித்தீர்களா? கழுதையோடு நின்றுவிட்டால் எப்படி?

இனி நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர். மருந்து விற்ற பணத்தில் அந்த நாட்டுக்குப் பங்கு போகவில்லை. நம் தென்மாவட்டங்களிலும் மானாவாரிக் காட்டில் இதை விதைக்கிறோம். இலையும் வேரும் கம்பெனிக்குப் போகின்றன. லாபம் விவசாயி வீட்டுக்கு வந்து சேரும்போது, அங்கேயும் கழுதை தேய்ந்து கட்டெறும்புதான்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால்தானே பங்கு கேட்க முடியும்? செடி கொடி, உயிரினங்களைக் காக்க வந்த 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும். எந்தச் செடி எங்கே முளைக்கிறது, எந்தப் பாட்டி எதற்கு அரைத்துப் போடுகிறாள், எல்லாம் அதில் ஏற வேண்டும். தலைவர் ஐயா, நம் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது? கோபிக்காதீர்கள், அடுத்த கிராமசபையில் எடுத்து வாசியுங்கள். விட்டுப்போனதை எங்கள் தாவரவியல் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

தாளாளர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அழற்சி அடுத்த கூட்டத்துக்கு. பதிவேட்டைக் கிராமசபையில் வாசிக்கக் கேட்டு, வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம்; கையெழுத்துப் போடாமல் யாரும் பஸ் ஏறக்கூடாது.