அம்மாவின் எடையும் பிள்ளையின் கவனமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஆறரை வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மாவும் அம்மாச்சியும் என் ஓ.பி.க்கு அழைத்து வந்தார்கள். நான் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் சுழல் ஸ்டூலில் மூன்று சுற்றுச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து, மேசை டிராயரையும் திறந்துவிட்டான். வகுப்பில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்காருவதில்லை என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாம் விசாரித்து முடித்ததும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டாக்டர், இவன் வயித்துல தங்கினப்ப நான் 82 கிலோ இருந்தேன். அதனாலதான் இப்படியா?" போனில் யாரோ அனுப்பிய செய்தியையும் காட்டினார்.

செய்தி பொய்யில்லை. கர்ப்பத்துக்கு முன்பே உடல் பருமனாக இருந்த பெண்களின் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு, சற்றுக் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தச் செய்தியில் பாதிக் கதைதான் இருந்தது.

மீதிக் கதை சுவீடனில் இருக்கிறது. அங்கே 1973 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பிரசவப் பதிவேடு. 1992 முதல் 2000 வரை பிறந்த 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளியானது. தாயின் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணிக்கும் அளவு, 30-ஐத் தாண்டியிருந்தால் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல் அதிகமாகத் தெரிந்தது. ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அம்மா 60 கிலோ, இளையவனுக்கு 80 கிலோ என்று வையுங்கள். எடைதான் காரணம் என்றால் இளையவனுக்குத்தானே அதிகம் வர வேண்டும்? அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை. முதலில் கண்ட வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது.

அப்படியானால் எடைக்கும் இதற்கும் என்ன உறவு? ஏ.டி.எச்.டி. குடும்பத்தில் ஓடுகிற ஒன்று. இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபணுவின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. உடல் பருமனுக்கான மரபணுக்களோடு அவற்றில் சில பின்னிக் கிடக்கின்றன. பொறுமையின்மை, வேளை தவறிய சாப்பாடு, பசிக்காமலே கொறிப்பது எல்லாம் அந்தச் சுபாவத்தோடு வரக்கூடியவை. தாயின் எடையும் பிள்ளையின் பரபரப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அம்மாச்சி குறுக்கிட்டார். "இவளும் சின்னதுல இப்படித்தாங்க. வாரம் ஒரு பேனா தொலைப்பா. நான் அடிக்காத நாளில்லை."

எடையைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் பருமனோடு கைகோத்து வருபவை. நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் பருமன். குறைப்பதைக் கருத்தரிக்கும் முன்பே செய்யுங்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது பட்டினி கிடக்கவே கூடாது. ஆனால் பிள்ளையின் சேட்டைக்கு அம்மாவின் உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொந்தக்காரர்களை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது. அந்தப் பெண் ஆறு வருடம் இதைச் சுமந்திருக்கிறார்.

பையனை முதல் பெஞ்சில் உட்காரவைக்கவும், வீட்டுப்பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுக்கவும் சொல்லி டீச்சருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மருந்து தேவையா என்பதை அடுத்த முறை பார்ப்போம் என்றேன். கிளம்பும்போது அந்த அம்மா எடையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. "அம்மா சொன்னாங்களே டாக்டர், என்னோட சின்ன வயசு... அதைப் பத்தி ஒருநாள் பேசலாமா?" என்றார். வருகிற புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.